கலப்பா, கலப்படமா? - நம் சங்கீதமும் ஜாஸும்

"ஃப்யூஷன் என்றாலே கன்ஃப்யூஷன்தான்" என்பது நம் சபாக்களில் பல்லாண்டுகளாக உலவி வரும் ஹாஸ்யம். தில்லியில் கரோல்பாக், ராமகிருஷ்ணபுரம் வட்டாரங்களில் கச்சேரி கேட்க வரும் நம்மவர்களும் இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் உண்மையான ஒரு கவலையும் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக குருமுகமாக வந்த வித்தை, மேல்நாட்டு வாத்தியங்களோடு சேர்ந்து நீர்த்துப் போய்விடுமோ என்ற கவலைதான் அது. இது நியாயமானதா என்பதை, நடந்த வரலாற்றை வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் வித்வான் அல்ல. கேள்வி ஞானம் மட்டுமே உள்ளவன். கல்லூரியில் படித்தது ரசாயனம். இரும்புத் தூளையும் கந்தகத் தூளையும் ஒன்றாகக் கொட்டினால் அது கலவை. ஒரு காந்தத்தைக் காட்டினால் இரும்பு தனியே வந்துவிடும். அதையே சூடேற்றினால் சேர்மம் உண்டாகிறது. அதன் பிறகு காந்தம் பயன்படாது, ஏனெனில் அது புதிய பொருள். இவை இரண்டுமே குற்றமல்ல. மூன்றாவதாக ஒன்று உண்டு: மிளகில் பப்பாளி விதையைச் சேர்த்து, மிளகின் விலைக்கே விற்பது. அதுதான் கலப்படம். சங்கீதத்திலும் இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால் பாதி வாக்குவாதம் தீர்ந்துவிடும்.

தில்லி வானொலியில் ஒரு முன்னோட்டம்

இந்திய இசையையும் மேல்நாட்டு இசையையும் அருகருகே வைத்துப் பார்க்கும் முயற்சி ஜாஸுக்கு முன்பே தில்லியில் நடந்திருக்கிறது. 1935-ல் இந்தியா வந்த ஆங்கிலேய இசையமைப்பாளர் ஜான் ஃபோல்ட்ஸ், தில்லி வானொலியில் ஐரோப்பிய சங்கீதப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். நம் வாத்தியங்களைக் கொண்டே ஒரு வாத்தியக் குழுவை அமைத்துப் பரிசோதனைகள் செய்தார். 1939-ல் கல்கத்தாவில் காலரா கண்டு காலமானார்.

ஹார்மோனியம் இந்திய இசைக்குப் பொருந்தாது என்று வாதாடியவர்களில் இவரும் ஒருவர் என்பது சுவாரசியமான விஷயம். 1940 மார்ச் முதல் சுமார் முப்பது ஆண்டுகள் அகில இந்திய வானொலியில் ஹார்மோனியத்துக்குத் தடை இருந்தது. காரணம் வெறும் பிடிவாதம் அல்ல, கணக்கு. சட்ஜத்தை விநாடிக்கு 240 அதிர்வுகள் என்று வைத்துக்கொள்வோம். தம்புராவோடு இழையும் அந்தர காந்தாரம் 300-ல் நிற்கும். பியானோ, ஹார்மோனியம் போன்றவற்றில் ஸ்தாயியை 12 சமபாகமாகப் பிரித்திருப்பதால், அதே காந்தாரம் ஏறக்குறைய 302.4-ல் விழும். இரண்டையும் சேர்த்து ஒலித்தால் விநாடிக்கு இரண்டு முறைக்கு மேல் ஓர் அதிர்வலை துடிக்கும். நல்ல காது அதை உடனே உணரும். தவிர, அந்தக் கட்டைகளில் கமகத்துக்கு வழியே இல்லை.

சுதந்திரத்துக்குப் பின், 1952-ல் தில்லி வானொலியில் வாத்ய விருந்தா என்ற தேசிய வாத்தியக் குழு உருவாயிற்று. பண்டிட் ரவிசங்கரும் நம் டி.கே. ஜெயராம ஐயரும் அதை நடத்தினார்கள். வடக்கத்திய, தெற்கத்திய வாத்தியங்கள் ஒரே மேடையில் சேர்ந்து அமர்ந்தன. பின்னாளில் ரவிசங்கர் மேல்நாட்டுக் கலைஞர்களோடு சேர்ந்து வாசித்தபோது, இந்த தில்லி ஆண்டுகளின் அனுபவம் அவர் கையில் இருந்தது.

சட்ஜம் நகர்ந்தால் என்ன ஆகும்?

ஜாஸ் என்றால் ஹோட்டல் நடன இசை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அடிமைகளாகக் கொண்டு வரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் சந்ததியாரிடம் உருவான இசை. ஏட்டில் எழுதியதை விட, மேடையில் அந்தக் கணத்தில் பிறப்பதே அதில் பெரிது. நாம் மனோதர்மம் என்கிறோம். அவர்களுக்கும் அதுவே உயிர். இந்த ஒற்றுமையைப் பார்த்தவர்கள் இரண்டையும் சேர்ப்பது சுலபம் என்று எண்ணினார்கள். அப்படி இல்லை.

நமக்கு சட்ஜம் அசையாதது. கச்சேரி முடியும் வரை தம்புரா அதையே சொல்லிக்கொண்டிருக்கும். ஜாஸிலோ பல ஸ்வரங்களை ஒரே சமயத்தில் ஒலிக்கும் கார்டுகள் சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறும். அடியில் உள்ள ஆதார ஸ்வரமும் கூடவே நகரும். இதன் விளைவை நம் கிரஹ பேதத்தைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்களில் ரிஷபத்தை சட்ஜமாகக் கொண்டால் மத்யமாவதி வரும். காந்தாரத்தைக் கொண்டால் ஹிந்தோளம். பஞ்சமத்தைக் கொண்டால் சுத்த சாவேரி. தைவதத்தைக் கொண்டால் சுத்த தன்யாசி. ஆகவே ஒருவர் மோகனம் பாடும்போது அடியில் ஆதாரத்தை மாற்றிக்கொண்டே இருந்தால், கேட்பவருக்கு மோகனம் நிலைக்காது. பாடகர் எவ்வளவு சுத்தமாகப் பாடினாலும் ராகம் கரைந்துவிடும். ஆரம்பகால முயற்சிகள் பலவற்றில் ராகம் 'காணாமல்' போனதற்கு இதுவே காரணம்.

இந்தக் கதவைத் திறந்தவர்கள் ஜாஸ் கலைஞர்களே. 1959-ல் மைல்ஸ் டேவிஸ் வெளியிட்ட 'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்ற இசைத்தட்டில் கார்டுகளின் ஓட்டம் வெகுவாகக் குறைந்தது. ஒரே ஸ்வர வரிசையில் நீண்ட நேரம் நின்று விஸ்தாரம் செய்யும் முறை வந்தது. ஏறத்தாழ நம் ஆலாபனையின் திசையில் அவர்கள் ஓர் அடி வைத்தார்கள். அந்தத் தட்டில் சாக்ஸபோன் வாசித்தவர்களில் ஒருவர் ஜான் கோல்ட்ரேன். 1961-ல் அவர் 'இந்தியா' என்ற பெயரிலேயே ஓர் உருப்படியைப் பதிவு செய்தார். ரவிசங்கரிடம் நேரில் பாடம் கேட்டார். 1965-ல் பிறந்த மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார். 1967 ஜூலையில் 40 வயதிலேயே அவர் மறைந்தது பெரிய இழப்பு.

அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேனும் சிறந்த பியானோ, ஹார்ப் கலைஞர். கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிப்பாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தரைக் குருவாக ஏற்று, 1971-ல் தம் இசைத்தட்டு ஒன்றுக்கே அவர் பெயரைச் சூட்டினார். அதில் தம்புரா ஆதாரமாக ஒலிக்கிறது. பின்னர் சந்நியாசம் ஏற்று, கலிபோர்னியாவில் ஆசிரமம் அமைத்து, பஜனை பாடி வாழ்ந்து 2007-ல் மறைந்தார். நம் பக்தி மார்க்கம் ஜாஸ் உலகில் எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு இது ஒன்றே போதும்.

வந்து கேட்ட விருந்தினர்கள்

1950-களின் நடுவிலிருந்து அமெரிக்க அரசு தன் ஜாஸ் குழுக்களை உலக நாடுகளுக்கு நல்லெண்ணத் தூதர்களாக அனுப்பியது. 1958-ல் டேவ் ப்ரூபெக் குழு இந்தியா வந்தது. பம்பாயில் சிதார் கலைஞர் அப்துல் ஹலீம் ஜாஃபர் கானோடு ப்ரூபெக் சேர்ந்து வாசித்தார். சென்னையில் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ மிருதங்க மேதை பழநி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தார். அந்தப் பயணத்தின் நினைவாக 'கல்கட்டா ப்ளூஸ்' என்ற உருப்படி வந்தது. மறு ஆண்டு இதே குழு பதிவு செய்த 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கையில் அமைந்து உலகப் புகழ் பெற்றது. மேல்நாட்டாருக்கு ஐந்து என்பது புதுமை. கண்ட சாபுவில் கீர்த்தனை கேட்டு வளர்ந்த நமக்கு அது அன்றாடம். ஒரு நுட்பமான வித்தியாசமும் உண்டு: நம் கண்ட சாபு 2+3 என்று நடக்கும், 'டேக் ஃபைவ்' 3+2 என்று நடக்கும்.

1963-ல் ட்யூக் எலிங்டன் தம் பெரிய குழுவுடன் வந்தார். தில்லிக்கு வந்த இடத்தில் உடல்நலம் குன்றி மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. அவருடைய இணை இசையமைப்பாளர் பில்லி ஸ்ட்ரேஹார்ன் தில்லியில் தங்கியிருந்த அறையில் ஒரு மைனாவின் குரலைக் கேட்டார். அந்தக் குரல் 'தில்லியின் நீலப் பறவை' என்று பொருள்படும் ஓர் உருப்படியாக மாறி, 1966 டிசம்பரில் பதிவான 'ஃபார் ஈஸ்ட் சூட்' என்ற தொகுப்பில் இடம் பெற்றது. மைனாவின் பங்கை அதில் கிளாரினெட் வாசிக்கிறது. எலிங்டன் கேட்ட ராகங்களை உடனே நகல் எடுக்கவில்லை. ஊருக்குப் போய், மனத்தில் ஊறவிட்டு, தம் பாணியிலேயே எழுதினார். அதில் சிதாரும் இல்லை, தபலாவும் இல்லை. இப்படி விலகி நிற்பதும் ஒரு மரியாதைதான்.

இதே காலத்தில் லண்டனில் வேறு விதமான முயற்சி நடந்தது. கல்கத்தாவில் பிறந்த வயலின் கலைஞர் ஜான் மேயரும், ஜமைக்காவில் பிறந்த சாக்ஸபோன் கலைஞர் ஜோ ஹேரியட்டும் சேர்ந்து 1966-ல் 'இண்டோ ஜாஸ் சூட்' வெளியிட்டார்கள். இந்திய வாத்தியப் பக்கம் ஐந்து பேர், ஜாஸ் பக்கம் ஐந்து பேர். உழைப்பும் நேர்மையும் நிறைந்த முயற்சி. ஆனால் இரண்டு அணிகளும் எழுதி வைத்த இசையைப் பெரும்பாலும் மாறி மாறி வாசித்தன. ரசாயனக் கணக்கில் இது கலவை. காந்தத்தை வைத்தால் பிரிந்து வந்துவிடும்.

கடம் நடு மேடைக்கு வந்தது

உண்மையான திருப்பம் 1975-ல் தொடங்கிய 'சக்தி' குழுவால் வந்தது. கிடார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் ஆங்கிலேயர். அதற்கு முன்பே அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். வயலின் எல். சங்கர், தந்தை வி. லக்ஷ்மிநாராயண ஐயர் யாழ்ப்பாணத்தில் சங்கீத ஆசிரியராக இருந்ததால் அங்கே வளர்ந்து, 1958 கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு சென்னை திரும்பியவர். தபலா ஜாகிர் ஹுசைன். மிருதங்கம் ராமநாதபுரம் ராகவன். கடம் டி.எச். விநாயக்ராம், 1966-ல் ஐ.நா. சபையில் எம்.எஸ். அம்மா பாடியபோது கடம் வாசித்த அதே 'விக்கு'. 1975 ஜூலை 5-ம் தேதி நியூயார்க் அருகே நடந்த கச்சேரியின் பதிவே இவர்களின் முதல் இசைத்தட்டு.

மெக்லாக்லின் முதலில் மாற்றியது தம் வாத்தியத்தை. கிடார் கழுத்தில் மெட்டுகளுக்கு இடையே உள்ள மரத்தைக் குழிவாகச் செதுக்கச் செய்தார். வீணையில் போல் தந்தியை அழுத்தி இழுத்துக் கமகம் கொண்டுவர அதனால் முடிந்தது. ஆதார சுருதிக்காக ஏழு அனுசுரத் தந்திகளைக் குறுக்கே பொருத்தினார். கார்டுகளின் ஓட்டத்தைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்தார். ராகத்தை கிடாருக்கு வளைக்கவில்லை; கிடாரை ராகத்துக்கு வளைத்தார். சட்ஜம் நின்றது, ராகமும் நின்றது.

லயத்தில் அவர்களுக்கு சிரமமே இருக்கவில்லை. ஜாஸின் 'ப்ளூஸ்' வடிவம் 12 பார்கள், ஒவ்வொன்றிலும் 4 எண்ணிக்கை, ஆக மொத்தம் 48. ஆதி தாளத்தை 8 எண்ணிக்கையாகக் கொண்டால் சரியாக ஆறு ஆவர்த்தனம். எங்கே சுற்றினாலும் தலைப்புக்குத் திரும்ப வேண்டும் என்ற கட்டுப்பாடு இரண்டுக்கும் பொது. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நாம் செய்து வைத்திருக்கும் கணக்குதான் அவர்களை வியக்க வைத்தது. எளிய உதாரணம்: ஆதி தாளத்தில் அரை ஆவர்த்தனம் 16 மாத்திரை. 'தகதிமி' என்று நான்கு, இரண்டு கார்வை, மறுபடி நான்கு, இரண்டு கார்வை, மறுபடி நான்கு. கூட்டினால் 16, அடுத்த அடி சமத்தில் விழும். நம் வீட்டுப் பிள்ளைகள் மிருதங்க வகுப்பில் முதல் ஓரிரு ஆண்டுகளில் கற்கும் கணக்கு இது. பெரிய கோர்வைகளைக் கேட்ட ஜாஸ் டிரம்மர்கள் கொன்னக்கோல் கற்கத் தொடங்கினார்கள். 2007-ல் மெக்லாக்லினும் விக்குவின் மகன் செல்வகணேஷும் சேர்ந்து கொன்னக்கோல் பயிற்சிக்கென்றே ஒரு டிவிடி வெளியிட்டார்கள்.

இங்கே நம் கவனத்துக்கு ஒரு விஷயம். நம் கச்சேரியில் கடம் உபபக்கவாத்தியம். ஓரத்தில் உட்காரும், தனி ஆவர்த்தனத்தில் தன் முறை வரக் காத்திருக்கும். 'சக்தி'யில் கிடார், வயலின், தபலா, கடம் எல்லாம் சமம். மானாமதுரை மண் பானை உலகத்தின் பெரிய மேடைகளில் நடுவிடம் பெற்றது. 1991-ல் வெளிவந்து கிராமி விருது பெற்ற 'பிளானட் டிரம்' இசைத்தட்டிலும் விக்குவின் பங்கு உண்டு. அவர் வாசித்தது தந்தை ஹரிஹர சர்மா சொல்லிக் கொடுத்த பாடம். அதில் ஒரு சொல்கூட மாறவில்லை. மாறியது மேடையில் அதற்குக் கிடைத்த இடம்.

முதல் 'சக்தி' சில ஆண்டுகளில் கலைந்தது. 1990-களின் இறுதியில் மீண்டும் கூடியபோது மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், செல்வகணேஷ், சற்றுப் பின் சங்கர் மகாதேவன் சேர்ந்தார்கள். ஸ்ரீநிவாஸ் 2014-ல் 45 வயதில் மறைந்தார். வயலின் கணேஷ் ராஜகோபாலனும் இடம் பெற்ற 'திஸ் மொமென்ட்' 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அதே ஆண்டு டிசம்பர் 15-ம் தேதி ஜாகிர் ஹுசைன் காலமானார்.

வந்த வாத்தியமும் போன கணக்கும்

எதிர்த் திசையிலும் பயணம் நடந்தது. ஜாஸின் அடையாளமான சாக்ஸபோனை கத்ரி கோபால்நாத் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டு வந்தார். நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்து, மைசூர் அரண்மனை பாண்டில் அந்த வாத்தியத்தைக் கேட்டு மயங்கியவர். டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்று, அதில் கமகம் பேசும்படி செய்தார். பம்பாயில் 1978-ல் தொடங்கிய ஜாஸ் யாத்ரா விழா பிற்காலத்தில் தில்லிக்கும் வந்தது. அந்த விழாவின் 1980-ம் ஆண்டு மேடைதான் அவரை ஜாஸ் உலகத்துக்கு அறிமுகம் செய்தது. 2008-ல் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவுடன் 'கின்ஸ்மென்' வெளியிட்டார். 2019-ல் மறைந்தார். வெளிநாட்டு வாத்தியம் என்று நாம் தயங்க வேண்டியதில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாலுஸ்வாமி தீக்ஷிதர் வயலினை எடுத்துக்கொண்டதும், அவர் தமையனார் முத்துஸ்வாமி தீக்ஷிதர் மேல்நாட்டு மெட்டுகளில் நோட்டுஸ்வர சாகித்யங்கள் செய்ததும் நம் சம்பிரதாயத்துக்குள்ளேயே நடந்தவை.

இன்னொரு தலைமுறை வந்துவிட்டது. விஜய் ஐயர் 1971-ல் அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் பௌதிகமும் படித்தவர். ஜாஸ் பியானோவில் உலகின் முன்னணிக் கலைஞர்களில் ஒருவராகி, 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். ஐ.ஐ.டி. சென்னையில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்த கிடார் கலைஞர் பிரசன்னா, தபலா நிதின் மிட்டா ஆகியோரோடு 2011-ல் 'தீர்த்தா' வெளியிட்டார். அவருடைய பியானோவில் ராக ஆலாபனையைத் தேடினால் கிடைக்காது. லயக் கணக்கு மட்டும் உள்ளே கரைந்திருக்கிறது, பிரித்தெடுக்க முடியாது. இதுதான் சேர்மம்.

அப்படியானால் கலப்படம் எது? ராகத்தின் ஆரோகண அவரோகணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பதிவு செய்த டிரம்ஸ் சத்தத்தின் மேல் அதை ஓட்டி, 'ஃப்யூஷன்' என்று பெயரிட்டு விற்பது. அது இருக்கத்தான் செய்கிறது. கவலையும் அதைப் பற்றி மட்டும் இருந்தால் போதும். மேலே சொன்ன சாதனைகள் எல்லாவற்றிலும் பொதுவான ஒரு விஷயம் இருக்கிறது. ஒவ்வொருவரும் தம் வித்தையை முழுதாகக் கற்ற பின்பே அடுத்தவர் வாசலுக்குப் போனார்கள். போன இடத்தில் மாணவனாக உட்கார்ந்தார்கள். கலப்படத்துக்குக் காரணம் பிற இசையோடு சேருவது அல்ல, அரைகுறை ஞானம்.

ஆகவே பல ஊர்களிலும் நாடுகளிலும் உள்ள நம் அங்கத்தினர்களுக்கு இரண்டு வார்த்தை. உங்கள் பேரக் குழந்தை பள்ளி ஜாஸ் குழுவில் சேர விரும்பினால் தடுக்காதீர்கள். வர்ணங்களையும் பஞ்சரத்னத்தையும் பாதியில் விடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது நமக்கே. உலகத்து ஜாஸ் கலைஞர்கள் நம்மிடம் தேடி வந்து கற்றது பெரும்பாலும் லயத்தை. நம் சபாக்களிலோ தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தவுடன் நாற்காலிகள் காலியாகின்றன. அடுத்த கச்சேரியில் அந்தப் பத்து, பதினைந்து நிமிஷமும் உட்கார்ந்து, கையில் தாளம் போட்டு, கோர்வை சமத்தில் விழும் வரை கேளுங்கள். காப்பி அதற்குள் ஆறிவிடாது.